தெற்கு மாசி வீதிக் கடை: நாலு லேண்ட்லைனை நெட் போனுக்கு மாற்றுவது எப்படி?

மாசிவீதி ஜவுளி:
வணக்கம். தெற்கு மாசி வீதியில் மொத்த ஜவுளிக் கடை, கப்பலூரில் குடோன். கடையில் நாலு காப்பர் லைன், ஒரு இபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களைக் கடைக்குள் இருக்கும் போன்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), அதில் 12 இன்டர்காம் போன். தெருவில் பள்ளம் தோண்டினால் லைன் போய்விடுகிறது, மழைக்குக் கரகரப்பு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் அச்சான 0452 எண் போகவே கூடாது. பழைய போன்களை வைத்துக்கொள்ள முடியுமா? கரன்ட் போனால்?

சிம்மக்கல் நெட்வொர்க்:
அண்ணே, முதலில் எண்ணைப் பாருங்க. மொபைல் மாதிரி லேண்ட்லைன் எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு போர்ட் செய்ய நம் நாட்டில் வழியில்லை. இப்போதைய கம்பெனியிடமே அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்க. ஃபைபரில் மணி அடிக்கிற வரைக்கும் காப்பரை சரண்டர் பண்ணாதீங்க. மற்ற மூன்று லைனுக்குப் பதில் உரிமம் உள்ள கம்பெனியிடம் எஸ்ஐபி ட்ரங்க், அதாவது நெட் வழியே வரும் போன் லைன், வாங்கலாம். சிம் பாக்ஸ் (நிறைய மொபைல் சிம்மைச் சொருகி நெட் அழைப்புகளைத் திருப்பிவிடும் பெட்டி) வைத்து மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிடுங்க, அது சட்டவிரோதம்.

இபிஏபிஎக்ஸும் 12 போனும் அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒரு கேட்வே போதும், நெட் அழைப்பைப் பழைய போன் லைனாக மாற்றித் தரும் பெட்டி அது. இங்கேதான் நிறையப் பேர் தப்பான பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது எஃப்எக்ஸ்எஸ் போர்ட் (சொருகுமிடம்). டயல்டோனும் மணியும் கொடுப்பது அதுதான். எஃப்எக்ஸ்ஓ போர்ட் லைனை வாங்கிக்கொள்ளும், கொடுக்காது. எஃப்எக்ஸ்எஸ்ஸிலிருந்து வரும் ஒயரை இபிஏபிஎக்ஸில் இப்போது வெளி லைன் சொருகியிருக்கும் போர்ட்டில் சொருகணும். ஃபைபர் பெட்டியின் போன் போர்ட்டும் எஃப்எக்ஸ்எஸ்தான், அதையும் நேராகச் சொருகலாம்.

மாற்றிய பிறகு அழைப்பவர் எண் தெரியவில்லை என்றால் கேட்வேயில் காலர் ஐடி (அழைப்பவர் எண்ணை அனுப்பும்) முறையை டிடிஎம்எஃப் (பட்டன் ஒலி) என்று மாற்றிப் பாருங்க. பழைய இபிஏபிஎக்ஸ் பலவற்றுக்கு அதுதான் புரியும். கேட்வே எஃப்எஸ்கே என்ற வேறு முறையில் அனுப்பிக்கொண்டிருக்கும். 2021 ஜனவரி 15-லிருந்து லேண்ட்லைனில் மொபைலுக்கு அடிக்க முன்னால் 0 வேண்டும். ஊழியர்கள் மறப்பார்கள், கேட்வே டயல் பிளானில் (அழுத்திய எண்ணை எப்படி அனுப்புவது என்ற அமைப்பு) அதைத் தானாகச் சேர்க்க வைத்துவிடுங்க.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். நாலு பேர் சேர்ந்து பேசினாலும் 350-தான். ஆனால் சிசிடிவி காட்சியும் டிசைன் படங்களும் அப்லோடை அடைத்தால் குரல் வெட்டி வெட்டி வரும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தே ஆகணும்.

யுபிஎஸ் கீழவாசல்:
கரன்ட் விஷயம். காப்பரில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்தது. இனி ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கேட்வே, இபிஏபிஎக்ஸ் நாலுக்கும் நீங்கள்தான் கரன்ட் கொடுக்கணும். சாதாரண இன்வெர்ட்டர் மட்டும் போதாது. மாறுகிற அந்தக் கண நேரத்தில் பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகி, கம்பெனி சர்வரில் மறுபடி பதிவாகிற வரை சில நிமிடம் போன் கிடையாது. இன்வெர்ட்டருக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சின்ன யுபிஎஸ் வையுங்க. மினி யுபிஎஸ் என்றால் அடாப்டரின் வோல்ட், ஆம்பியர், பின் மூன்றும் ஒத்துப்போகணும்.

எஸ்ஐபி மதுரை:
புகார் எப்படி வருகிறதோ அதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். ஒருவர் குரல் மட்டும் கேட்டால் முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி-யை (நெட் அழைப்புச் செய்திகளை ரவுட்டரே திருத்தும் வசதி) அணையுங்க. சரியாக 32 விநாடியில் அழைப்பு அறுந்தால் அழைப்பு எடுக்கப்பட்டதை உறுதிசெய்யும் ஏசிகே செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கும் பெரும்பாலும் ரவுட்டரே காரணம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் உள்வரும் அழைப்பு நின்றுபோனால் கீப்அலைவ் (இணைப்பு மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னச் செய்தி) இடைவெளியை 30 விநாடிக்குக் குறையுங்க. பேங்க் ஐவிஆரில் (தானியங்கிக் குரல் மெனு) அழுத்தும் எண் ஏறாவிட்டால் டிடிஎம்எஃப்பை ஆர்எஃப்சி 2833 முறைக்கு (பட்டன் அழுத்தலைக் குரலோடு கலக்காமல் தனியாக அனுப்புவது) மாற்றணும். காலர் ஐடி டிடிஎம்எஃப் வேறு, இது வேறு. ஐஎஸ்டி தேவையில்லை என்றால் கம்பெனியிடமே பூட்டச் சொல்லுங்க. கேட்வே பாஸ்வேர்ட் பெட்டியோடு வந்ததாகவே இருந்தால் ராத்திரியில் வெளிநாட்டு அழைப்பு ஓடி பில் ஏறிவிடும்.

மாசிவீதி ஜவுளி:
ரொம்ப நன்றி. கப்பலூர் குடோனுக்கும் ஒரு இன்டர்காம் நீட்ட முடியுமா?

சிம்மக்கல் நெட்வொர்க்:
முடியும். அதற்குத்தான் எஃப்எக்ஸ்ஓ வேண்டும். கடையில் இபிஏபிஎக்ஸின் காலி எக்ஸ்டென்ஷன் ஒன்றை எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் சொருகுங்க, குடோனில் ஒரு எஃப்எக்ஸ்எஸ் பெட்டி, இரண்டுக்கும் நடுவே விபிஎன் (நெட் வழியே பாதுகாப்பான தனி இணைப்பு). எதிரொலி வந்தால் எஃப்எக்ஸ்ஓ இம்பீடன்ஸை (மின்மறுப்பு அமைப்பை) லைனுக்கு ஏற்றபடி சரிசெய்யணும். வாங்கும்போதே இரண்டு வகைப் போர்ட்டும் உள்ள மாடலாகக் கேளுங்க.