தேவகோட்டை வீட்டுக் குழு: அப்பத்தா குளியலறை

சரவணன்: அப்பத்தாவை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்களாம். வலது கையில் கட்டு, ஆறு வாரம். குளியலறைத் தரையை என்ன செய்வது?

செல்வி அத்தை: பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாமே. ஒரே நாள் வேலை.

பெரியப்பா: நம் வீட்டில் கூடாது செல்வி. நேற்று ஐந்து ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்தேன். கதவுப் பக்கம் ஆறு கல் டொக்கு டொக்கு என்கிறது, அடியில் கலவை பிடிக்கவே இல்லை. அதன் மேல் ஒட்டினால் இரண்டும் சேர்ந்து பெயரும். தரை உயர்ந்தால் தண்ணீர் படி தாண்டி ஹாலுக்கு வரும். ஒரு வாளி ஊற்றியும் பார்த்தேன். தூம்புக்குப் போகாமல் கதவு மூலையில் தேங்கியது. அம்மா விழுந்தது அங்கேதான். உடைத்து, வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடித்து, தூம்பை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். வாட்டம், அதாவது தூம்புப் பக்கம் சரிவு, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வேண்டும்.

மீனா: 😢

ரவி சித்தப்பா: 2011ல் நான்தான் போட்டேன். அப்போது ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை தம்பி.

சித்தி: சொன்ன மாதிரிதான் இருக்கிறது மாமா.

சரவணன்: சித்தி, விடுங்கள். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ரசம் யார் கொண்டு போகிறீர்கள்?

சித்தி: நான்.

செல்வி அத்தை: ஹாலில் கிடக்கிற அத்தங்குடிக் கல்லையே போட்டால்? அம்மாவுக்கு உயிர் அது.

பெரியப்பா: அது சிமெண்ட் கல், ஈரம் குடிக்கும். தேய்க்கத் தேய்க்க வழவழப்பு ஏறும், குளியலறைக்கு ஆகாது. சொரசொரப்பான மேட் ஃபினிஷ் டைல்ஸ், அடிக்கு அடி போதும். சின்னக் கல்லில்தான் வாட்டம் ஒழுங்காக வரும்.

கார்த்திக் சிங்கப்பூர்: விட்ரிஃபைட் டைல்ஸ் வாங்குங்கள், பணம் நான் அனுப்புகிறேன்.

பெரியப்பா: அது தண்ணீர் ரொம்பக் குறைவாகத்தான் குடிக்கும் தம்பி, வெறும் சிமெண்டில் பிடிக்காது. டைல் பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும். எதுவானாலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணாக வாங்கு.

ரவி சித்தப்பா: பணம் நானும் தருவேன்.

மீனா: சுவரும் தரையும் ஒரே வெள்ளையாக வேண்டாம். அப்பத்தாவுக்குக் கண் மங்கல், எங்கே தரை முடிகிறது என்றே தெரியாது.

செல்வி அத்தை: நல்ல யோசனை கண்ணு. ஆள் வரும்போதே அடுப்பு மேடைக்குப் பின்னால் 2 அடிக்குப் போட்டுவிடலாமா? எண்ணெய்க் கறை போகவே மாட்டேன் என்கிறது.

சரவணன்: அத்தை, முதலில் குளியலறை.

சித்தி: பத்து நாள் அப்பத்தா எங்கள் வீட்டில் இருக்கட்டும்.

செல்வி அத்தை: அம்மாவை நான் கூட்டிப் போகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன்.

சரவணன்: அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறேன். அப்பத்தா சொல்லுது, "கல் எதையோ போடுங்கடா, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வையுங்க."

பெரியப்பா: இது எனக்குத் தோன்றவில்லையே. இடது கைப் பக்கம் வைக்கச் சொல்கிறேன். கொத்தனார் போன் எடுக்கவில்லை, நேரில் போகிறேன்.

ரவி சித்தப்பா: இருங்கள் அண்ணே, நானும் வருகிறேன்.