விடுதி அறையில் காய்ச்சல் வருவதற்கு முன்: பிரிட்டனுக்குப் படிக்க வந்திருப்பவர்களுக்கு

செப்டம்பரில் வந்து இறங்கியவர்கள் இந்நேரம் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பஸ் பாஸ் எல்லாவற்றையும் முடித்திருப்பீர்கள். ஒரு வேலையை மட்டும் பலரும் தள்ளிப்போட்டிருப்பீர்கள். ஜி.பி. என்று இங்கே அழைக்கப்படும் பகுதி மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்வதைத்தான் சொல்கிறேன். "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம் ஊர் வழக்கம். நம் ஊரில் அது செல்லும். காய்ச்சல் அடித்தால் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் போதும். இங்கே அப்படி நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாது. பதிவு முதலில், காய்ச்சல் பிறகு.

எனக்கு அது தலைகீழாக நடந்தது. 2016 நவம்பர், வட இங்கிலாந்தில் ஒரு நகரம். ஆறு பேர் ஒரு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதி. காய்ச்சல் வந்த முதல் நாள் டோலோ போட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டாம் நாள் இருமல். மூன்றாம் நாள் எழுந்து குழாயடிக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த அறைப் பெண்ணின் ஹேர் டிரையர் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அப்படியென்றால் என் இருமலும் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் தட்டவில்லை, நானும் கூப்பிடவில்லை. அம்மா அழைத்து "சாப்பிட்டாயா?" என்று கேட்டபோது கேமராவை அணைத்துவிட்டு "சாப்பிட்டேன்" என்றேன்.

நான்காம் நாள் காலை சமையலறையைச் சுத்தம் செய்ய வரும் பெண்மணிதான் என் கதவைத் தட்டினார். அடுப்பின் மேல் மூடி போட்டபடி என் சோற்றுப் பானை நான்கு நாளாக அப்படியே இருந்திருக்கிறது. எப்போதும் பளிச்சென்று கழுவி வைக்கும் பெண் ஏன் இப்படி விட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னைப் பார்த்ததும், மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணை அழைத்தார். எந்த ஜி.பி.யிடம் பதிவு என்று கேட்டார்கள். எதுவும் இல்லை. அதற்காக யாரும் உதவ மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வாமை என்ன, முன்பு என்ன மருந்து எடுத்தேன் என்பதையெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே நான் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நிமோனியா என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தப் பெண்மணியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். பல பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள்ளோ அருகிலோ உள்ள ஒரு மருத்துவ நிலையத்தோடு தொடர்பு வைத்திருக்கும். விடுதி முகவரியைச் சொன்னால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். முகவரிச் சான்று, அடையாள அட்டை, விசா விவரம் எதையும் காட்டாவிட்டால் பதிய முடியாது என்று வரவேற்பறையில் யாராவது சொன்னால் பணிவாக மறுத்துப் பேசுங்கள். அவை கட்டாயம் அல்ல என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் சொந்த விதி. பதிவு இலவசம். அடுத்த ஆண்டு வெளியே வீடு எடுத்துப் போனால் முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.

இதில் தயங்குவதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் பணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். விசா விண்ணப்பத்தோடு கட்டிய குடிவரவு சுகாதாரக் கட்டணம் இதற்குத்தான். நான் வந்தபோது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து 776 பவுண்டு. அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு, "மருத்துவரைப் பார்த்தால் பில் வருமோ" என்று பயந்து அறைக்குள் கிடக்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஜி.பி.யைப் பார்க்க, மருத்துவமனையில் தங்க, ஆம்புலன்ஸில் போகக் கட்டணம் இல்லை. கட்டணம் வருவது பல், கண்ணாடி, இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு ஆகியவற்றுக்குத்தான். சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதுவும் இல்லை. சில மருந்துகள் சீட்டு இல்லாமல் வாங்கினால் மலிவு. மருந்தாளரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தால், காத்திருக்கும் அறையில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி அழைத்தபோது தன்னைத்தான் என்று புரியாமல் உட்கார்ந்தே இருந்து, தன் முறையைத் தவறவிட்டாள். பல்கலைக்கழகப் பதிவிலும் மருத்துவப் பதிவிலும் பெயர் ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். என்.எச்.எஸ். செயலியில் இரண்டு பதிவுகள் முட்டிக்கொண்டால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

பதிவானதும் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். மூளைக்காய்ச்சல் வகைகளில் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்கும் சேர்த்த தடுப்பூசி, இதுவரை போடாத மாணவர்களுக்கு 25 வயது நிறையும்வரை இலவசம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் அதையும் வயது பாராமல் போடுவார்கள். நெருக்கமாக வாழும் விடுதிகளில் இந்த நோய்கள் எளிதில் பரவும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த நால்வகைத் தடுப்பூசி பி வகை மூளைக்காய்ச்சலைத் தடுக்காது. புதிதாகச் சேர்ந்த பலருக்கும் அக்டோபரில் ஒரு காய்ச்சல் வரும். அதற்கு ஃபிரெஷர்ஸ் ஃப்ளூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபத்து என்னவென்றால், மூளைக்காய்ச்சலும் தொடக்கத்தில் அதே போலத்தான் இருக்கும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது, பேச்சு குழறுவது, எழுப்பினாலும் எழ மறுப்பது என்றிருந்தால் உடனே அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். தோலில் வரும் தடிப்பைக் கண்ணாடி டம்ளரால் அழுத்தினால் மறைகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், மறையாவிட்டால் அவசரம். நம் நிறத் தோலில் அது சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சிலருக்கு வராமலே போகும். மணிக்கணக்கில் முற்றும் நோய் அது.

பெட்டியில் கொண்டுவந்த மாத்திரைகள் பற்றியும் சொல்ல வேண்டும். டோலோ 650 என்பது பாராசிட்டமால். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சளிக்கென்று விற்கும் எலுமிச்சைப் பொடியிலும் பாராசிட்டமால் இருக்கிறது, சில பொட்டலங்களில் ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம். அதைச் சுடுநீரில் கலந்து குடித்துவிட்டு, கூடவே டோலோவும் போட்டால், ஒரே மருந்தை இரண்டு தடவை எடுக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் எல்லை. தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும், அதுவும் முதல் நாளில் வெளியே தெரியாமல். அட்டையில் உள்ள பெயரைப் படித்துவிட்டுப் போடுங்கள். மீந்துபோன ஆன்டிபயாடிக் பட்டையை நண்பர்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதை விட்டுவிடுங்கள். தொண்டை வலி, சைனஸ், பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் மருந்துக் கடையிலேயே பார்த்து, தேவையானால் மருந்தும் கொடுக்கிறார்கள். ஜி.பி. சந்திப்புக்காகக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அடுத்து சமையலறை. விடுதியில் நம்மவர்களுக்கு வரும் முதல் வம்பு தாளிப்பால் வருவது. கடுகு வெடித்து மிளகாய் கருகியதும் அலாரம் அலறி, இரவு பதினொரு மணிக்கு நூறு பேர் போர்வையோடு வெளியே நிற்பார்கள். பல விடுதிகளில் சமையலறைக்குள் இருப்பது வெப்பத்தை உணரும் கருவி. புகையை உணர்வது நடைபாதையில்தான். சமையலறைக் கதவை நாற்காலி வைத்துத் திறந்துவைத்தால் புகை அங்கே போய்விடும். கதவைச் சாத்தி, அடுப்புக்கு மேலே உள்ள புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சின்னக் கரண்டியில் தாளியுங்கள். எந்தச் சூழலிலும் அந்தக் கருவியைப் பையால் மூடாதீர்கள். தண்டனை உண்டு என்பது ஒருபுறம். தூங்குகிற நூறு பேரின் உயிர் அதில் இருக்கிறது.

சோறு: ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானை வடித்து வாரம் முழுக்க ஓட்டுவது நம் மாணவர்களின் வழக்கம். வேண்டாம். வெந்த அரிசியில் பிழைத்திருக்கும் ஒரு வகை நுண்ணுயிர், சோறு வெளியே ஆறிக்கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், அடுத்த நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒரே முறை சாப்பிட்டு முடியுங்கள். குழம்பை மொத்தமாக வைத்து ஃபிரீசரில் போடுங்கள். சோறு மட்டும் அன்றன்றைக்கு.

துணியை அறைக்குள் ஹீட்டர் மேல் உலர்த்தி ஜன்னலையும் பூட்டிவைத்தால் ஒரு மாதத்தில் சுவர் மூலையில் கருப்புப் பூஞ்சை வரும். வீசிங் உள்ளவர்கள் தினமும் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன் பிறகு டிசம்பரில் மாலை நான்குக்கே இருட்டு. உடம்பு சோர்ந்துபோவது உங்கள் சோம்பல் அல்ல. வைட்டமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், நம் நிறத்தவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது நல்லது என்பதுதான் இங்கே தரும் அறிவுரை. ஊரிலிருந்து அனுப்பும் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் வெளியே ஒரு நடை போய்வாருங்கள், மழை தூறினாலும்.

தூக்கத்தைக் கெடுப்பது பாசம்தான். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போட்டு, நிம்மதியாக உட்கார்ந்து அழைக்கும்போது இங்கே சரியாக நள்ளிரவு. பேசி முடிக்க ஒரு மணி, தூக்கம் வர மூன்று மணி, காலை வகுப்பு போய்விடும். நான் நேரத்தை மாற்றச் சொன்னபோது அம்மா முதலில் வருத்தப்பட்டார். பிறகு மதியம் ஒரு மணிக்கு, அவருக்கு மாலை ஆறரை, விளக்கேற்றிவிட்டு அழைப்பது என்று வைத்துக்கொண்டோம். அதுவே எனக்குச் சாப்பாட்டு நேரமும் ஆனது. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் தட்டைக் காட்டிவிடுவேன்.

இரண்டு நாள் கழித்துச் சேர்த்தது

தனியாக எழுதிக் கேட்ட தங்கைக்கு, அவர் விருப்பப்படி பெயர் சொல்லாமல் இங்கேயே பதில். "வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், எனக்கு மனம் சரியில்லை என்று எப்படிச் சொல்வேன்" என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. வீட்டுக்கு உடனே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. பதினெட்டு வயது தாண்டியவர் நீங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய உங்கள் அனுமதி இல்லாமல் பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். ஆலோசகரைப் பார்த்ததால் விசாவுக்கு எதுவும் ஆகாது, பட்டத்திலும் எழுதமாட்டார்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், மனநலப் பிரிவு பேசும். சமாரிட்டன்ஸ் 116 123, எந்த நேரமும், இலவசம். உடனடி ஆபத்து என்றால் 999. இன்று மாலைக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

வகுப்புக்குப் போக முடியாத அளவு நோய் என்றால் துறைக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மாணவர் விசாவில் வருகை கண்காணிக்கப்படுகிறது. சொல்லாமல் இருப்பதுதான் சிக்கலாகும். தேர்வோ கட்டுரையோ பாதிக்கப்பட்டால் அவகாசம் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கெடு முடிவதற்கு முன் விண்ணப்பிப்பது எளிது, முடிந்த பின் கடினம்.

இன்னொரு தம்பி கேட்டது: பக்கத்து அறைப் பையன் மூன்று நாளாக வெளியே வரவில்லை, தட்டலாமா? தட்டுங்கள், இப்போதே. பதில் இல்லையென்றால் விடுதி வரவேற்பறைக்கோ இரவுக் காவலருக்கோ போன் செய்யுங்கள். அறை எண், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும், அவர்களிடம் சாவி இருக்கிறது. அந்தக் காவலர் எண்ணை இப்போதே கைபேசியில் சேர்த்துவையுங்கள். மாணவர் அட்டையின் பின்புறம் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே அச்சிட்டிருப்பார்கள்.