லெவல் பிடிக்கும் முன்பே டிகாஸ் (விமான மோதல் தவிர்ப்புக் கருவி) ஆர்ஏ (விலகும் கட்டளை) வருகிறது, கருவிக் கோளாறா?

கேள்வி
எஃப்எல் 330-க்கு (ஃபிளைட் லெவல், 33,000 அடி) ஏற அனுமதி. 340-ல் எதிரே ஒரு விமானம் மட்டமாக வருகிறது. ஆட்டோபைலட் நிமிடத்துக்கு 3,000 அடி ஏற்றுகிறது, செலக்ட் செய்த உயரமும் 330-தான். இன்னும் 700 அடி சொச்சம் இருக்கும்போதே "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்" என்று கத்துகிறது. டிகாஸ் 7.1, செல்ஃப் டெஸ்ட் பாஸ். எதைக் கழற்றிப் பார்ப்பது? டிஏ ஒன்லியில் (முன்னெச்சரிக்கையான டிஏ மட்டும், ஆர்ஏ இல்லை) போட்டுவிடலாமா?

பதில் 1
எதையும் கழற்ற வேண்டாம். நீங்கள் 330-ல் நிற்கப் போவது டிகாஸுக்குத் தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். தப்பாகச் செட் செய்த உயரத்தை அதுவும் நம்பினால் யார் தடுப்பது?

அந்த உயரத்தில் ஆர்ஏ வரம்பு 35 வினாடி (இதே வேகத்தில் போனால் அவர் உயரத்தை எட்ட அவ்வளவுதான் பாக்கி என்று கணக்கானால் வரும்). 3,000 அடி என்றால் வினாடிக்கு 50. 35 வினாடியில் 1,750. எதிர் விமானத்துக்குக் கீழே 1,750 என்றால் உங்கள் லெவலுக்கு 750 பாக்கி. ஆட்டோபைலட் அதற்குள் ஏறும் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஆர்ஏதான். கிடைமட்டத் தூரமும் அதே 35 வினாடிக்குள் வர வேண்டும் (நெருங்கும் வேகம் 960 நாட் என்றால் சுமார் 9 கடல் மைல்). இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம், அதனால்தான் எல்லா ஏற்றத்திலும் வருவதில்லை.

பக்கத்து லெவலில் டிராஃபிக் இருப்பது தெரிந்தால் கடைசி 1,000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500-க்குக் கீழே குறையுங்கள். அப்போது 35 வினாடிக்கு 875 அடிதான், வரம்பைத் தொடாது. சில ஏர்பஸ் விமானங்களில் டிகேப் வசதி, டிஏ வந்ததும் தானே முன்கூட்டி லெவல் பிடிக்கத் தொடங்கும்.

கேள்வி கேட்டவர்
அவரும் 340-க்கு இறங்கி வந்தால்?

பதில் 1
அப்போது 1,500 போதாது. இருவர் வேகமும் கூடி மறுபடி 3,000. திரையில் அவர் பக்கம் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் (நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் இறங்கினால் வரும்) இன்னும் குறையுங்கள். இருவரும் 800 என்றால் தப்பும்.

பதில் 2
டிஏ ஒன்லி வேண்டாம். உங்கள் பக்கம் ஆர்ஏ வராது, எதிர் விமானமும் உங்களை டிகாஸ் இல்லாத விமானமாகவே கணக்கிடும். நெருக்கமான இணை ஓடுபாதை போன்றவற்றுக்கு, அதுவும் உங்கள் நிறுவன நடைமுறை சொன்னால் மட்டும். வந்த ஆர்ஏ தொல்லையா நிஜமா என்று அந்த நொடியில் பிரித்தறிய வழியில்லை. வந்தால் பின்பற்ற வேண்டியதுதான்.

பதில் 3
உண்மையான கோளாறு வேறு மாதிரி இருக்கும். உங்கள் உயரத்திலேயே, உங்களை ஒட்டியே ஒரு விமானம் விடாமல் தெரிந்தால் டிரான்ஸ்பாண்டர் (விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் அனுப்பும் கருவி) தரும் மோட் எஸ் 24-பிட் முகவரியை, அதாவது விமானத்தின் தனி அடையாள எண்ணை, சரிபாருங்கள். சொந்த டிரான்ஸ்பாண்டரையே அந்நியனாக எண்ணிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, தரையில் டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்கும்போது ஆன்டெனாவை கப்ளரால் (சிக்னல் வெளியே போகாமல் தடுக்கும் மூடி) மூடாமல் பெரிய உயரத்தைக் கொடுத்தால், மேலே பறப்பவருக்கு இல்லாத விமானத்தின் பேரில் ஆர்ஏ போகும்.