செங்குத்து விசையா, தாங்குவிசையா?

பொருள்: மறு: ஐந்தாம் வகுப்புக்கான விசைச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஐந்தாம் வகுப்புக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் விசை, உராய்வு, வேகம் மூன்றிலும் நமக்குள் சண்டை இல்லை. அப்படியே விட்டுவிடலாம். எனக்கு இடிப்பது ஒரே சொல். மேசைமேல் வைத்த புத்தகத்தை மேசை மேலே தள்ளுகிறதே, ஆங்கிலத்தில் normal force, அதற்குப் பட்டியலில் நாம் போட்டிருக்கும் 'செங்குத்து விசை'.

சமவெளியில் உட்கார்ந்து பார்த்தால் அதில் குறை தெரியாது. கோத்தகிரியில் மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். இங்கே செங்குத்து என்றால் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம். "சரிவில் ஒரு மூட்டை இருக்கு, செங்குத்து விசை எந்தப் பக்கம்?" என்றதும் ஒருத்தி வானத்தைக் காட்டினாள், பக்கத்திலிருந்த பையன் சரிவின் உச்சியைக் காட்டினான். இரண்டும் தப்பு. அந்த விசை சரிவின் பரப்புக்கு 90 பாகையில் நிற்கும். கணக்குப் பாடத்தில் செங்குத்து என்றால் அதுதான், தெரியும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது இரண்டாவது பொருள். முதல் பொருள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

அப்புறம் ஒரு சோதனை செய்தோம். 60 செ.மீ. பலகை. ஒரு முனையை 30 செ.மீ. தூக்கினால் சாய்வு 30 பாகை. அதன்மேல் சமையலறை எலக்ட்ரானிக் தராசை வைத்து, வழுக்காமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, சாய்ந்தபடியே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். ரப்பர் விரிப்பு போட்டு ஒரு கிலோ உப்பு பாக்கெட். 870 கிராம் பக்கம் நின்றது.

"மீதி உப்பு எங்க சார் போச்சு?"

உப்பு எங்கும் போகவில்லை. எடையின் ஒரு பங்கு தராசை அழுத்துகிறது. இன்னொரு பங்கு பாக்கெட்டைச் சரிவில் கீழே இழுக்கப் பார்க்கிறது, உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. (இரண்டையும் கூட்டினால் ஒரு கிலோவைத் தாண்டுகிறதே என்று கேட்கும் பிள்ளைக்கு மேல் வகுப்பில்தான் பதில்.) "தராசு காட்டுவது பலகை தாங்குகிற பங்கை மட்டும்" என்று விளக்கும்போதுதான் சொல் வாயில் வந்தது. தாங்குவிசை.

'எதிர்விசை' போதும் என்று போன வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் பயம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற நியூட்டனின் மூன்றாம் விதி வரும்போது, புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை மேசை தள்ளுவதுதான் என்று பிள்ளை எழுதிவிடும். பூமி புத்தகத்தை இழுப்பது எடை; புத்தகம் பூமியை இழுப்பதுதான் அதன் எதிர்விசை. மேசைக்கு அந்த ஜோடியில் இடமே இல்லை. 'அண்டைவிசை' எனக்குப் பிடித்திருந்தது, சாயும் சுவருக்கு அண்டை கொடுக்கிறோம் அல்லவா? ஆனால் பிள்ளைகளுக்கு அண்டை வீடுதான் நினைவுக்கு வரும்.

கோத்தகிரியிலிருந்து

மறுமொழி:

கயிற்றில் தொங்கும் வாளியையும் கயிறு தாங்கத்தானே செய்கிறது? அதுவும் தாங்குவிசையா? என் அப்பா இலங்கையில் பதுளையில் படித்து, மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கூடலூர் வந்து சேர்ந்தவர். அவருக்கு இது 'செவ்வன் மறுதாக்கம்'. செவ்வன் என்றால் பரப்புக்கு 90 பாகையில் இருப்பது; அதில் மேல், கீழ் குழப்பமே கிடையாது. யோசியுங்கள்.

கூடலூரிலிருந்து

மறுமொழி:

நல்ல பிடி அண்ணா. கயிற்றுக்கு 'இழுவிசை' ஏற்கெனவே இருக்கிறது. அதனால் நம் விளக்கத்தில் 'பரப்பு' என்ற சொல் கட்டாயம் வரட்டும். செவ்வன் அழகான சொல், மேல் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். மறுதாக்கம் மட்டும் வேண்டாம், அதற்கும் எதிர்விசை என்றுதான் பொருள், முன்பு சொன்ன அதே வம்பு.

பட்டியலுக்கு இப்படி:

தாங்குவிசை: ஒரு பொருள் ஒரு பரப்பை அழுத்தும்போது, அந்தப் பரப்பு தனக்கு 90 பாகையில் பொருளைத் திருப்பித் தள்ளும் விசை.

படம் வரைபவர் தயவுசெய்து மேசை வரைய வேண்டாம். தேயிலைச் சரிவில் ஒரு கொழுந்து மூட்டை, அம்புக்குறி சரிவின் பரப்புக்கு 90 பாகையில், வெளிப்பக்கம் நோக்கி.

கோத்தகிரியிலிருந்து