வாவிக்கு விலை கேட்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்குச் சனம் எவ்வளவு மதிப்பு வைக்கிறது என்று அறியும் ஆய்வுக்காக, அது சுத்தமாக மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கல்லடிப் பக்கம் வீடு வீடாகக் கேட்கிறேன். தொகையை அவர்களே சொல்ல விட்டால், "சும்மா ஒரு நூறு ரூபா போடுங்க தம்பி" என்பவர்கள்தான் அதிகம். தோணி வைத்திருக்கும் ஐயா ஒருவர், "குப்பை கொட்டுறவனிட்ட போய்க் கேளுங்க" என்று பூச்சியம் போடச் சொன்னார். வாவியிலேயே பிழைப்பவர்! அதை எதிர்ப்புப் பூச்சியம், அதாவது வாவிக்கு மதிப்பில்லை என்பதல்ல, தன்னிடம் காசு கேட்பதையே எதிர்த்துச் சொன்ன பூச்சியம், என்று தனியாக வைத்திருக்கிறேன்.

இப்படி மக்களிடம் கேட்டு இயற்கைக்கு மதிப்புப் போடும் முறையை ஆராய்ந்து, 1993இல் பொருளியலாளர்கள் கெனத் ஆரோ, ராபர்ட் சொலோ தலைமையிலான அமெரிக்கக் குழு பரிந்துரைத்தபடி, தொகையை நாமே சொல்லி 'ஆம், இல்லை' கேட்கும் முறைக்கு மாறலாம் என்றிருக்கிறேன். சரி, அந்தத் தொகைகளை எப்படித் தீர்மானிப்பது? தண்ணீர் பில்லோடு சேர்த்து அறவிடுவதாகக் கேட்டால் சனம் நம்புமா? தமிழ் வினாக்கொத்து யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.