பின்வளவுக்கு வரும் பார்: யாரிடம், என்னவென்று எழுதுவது?

ஒழுங்கைவாசி:
யாழ்ப்பாணம் கொக்குவிலில் கே.கே.எஸ். வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. ஒழுங்கை முகப்பில் பல வருடமாக ஒரு பார் இருக்கிறது. எல்லாம் கதவுக்குள்ளேயே நடந்ததால் நாங்கள் ஒரு முறைப்பாடும் செய்ததில்லை. இப்போது பின்வளவு மாமரத்தைத் தறித்து, சீமெந்து போட்டு, தகரக் கொட்டகை இறக்கி, நாற்பது பேர் இருக்கிற மாதிரி மேசை கதிரை அடுக்கியிருக்கிறார்கள். அதற்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். மகள் வருகிற வருடம் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதுகிறாள், அவளின் யன்னல் நேரே அந்தப் பக்கம். போன சனிக்கிழமை ஸ்பீக்கர் போட்டுப் பார்த்தார்கள், யன்னலைச் சாத்தியும் பாட்டு வரிக்கு வரி கேட்டது. ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளுக்கும் இந்த ஒழுங்கைதான் வழி, இரண்டு கரையும் மோட்டார் சைக்கிள் நின்றால் அதுகள் எப்படிப் போகும்? இவர் கட்டாரில், நான்தான் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலர்) சொன்னேன், "எழுதித் தாங்கோ" என்றார். யாருக்கு எழுதுவது?

பழைய கிளாக்கர்:
தங்கச்சி, "பார் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும், ஏனென்றால் அவர்களிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. கேட்க வேண்டியது, அந்தப் பத்திரம் பின்வளவுக்கும் சேர்த்துத்தானா என்பதை. மதுவரி அனுமதி வருடா வருடம் டிசம்பர் 31 உடன் முடிந்து புதுப்பிக்கப்படுவது, அதற்கு முன்னமே உங்கள் கடிதம் பிரதேச செயலரிடமும் மதுவரித் திணைக்களத்திலும் இருக்க வேண்டும். கொட்டகைக்குக் கட்டட அனுமதி எடுத்தார்களா என்பது வேறு விஷயம், அதைப் பிரதேச சபையிடம் கேளுங்கள். வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஸ்பீக்கருக்கு வழி இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரம், திகதி குறித்து ஒரு கொப்பி வைத்திருங்கள், பொலிசில் போடும் முறைப்பாட்டு இலக்கத்தையும் அதிலேயே எழுதுங்கள். தொல்லை தொடர்ந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம், அங்கே அந்தக் கொப்பிதான் பேசும்.

இணுவில் மண்:
எல்லாரும் சத்தத்தையே கதைக்கிறீர்கள். அக்கா, அவர்களின் மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது? எங்கள் நிலம் சுண்ணக்கல், வெடிப்பும் பொந்துமாக இருக்கும், குழியில் விட்டது வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். நாற்பது பேர் தினமும் வந்து போகும் இடத்துக்கு, வீட்டுக்குக் கட்டின பழைய குழி எப்படிக் காணும்? பாட்டை நிற்பாட்டலாம், கிணறு பழுதானால் திருப்பி எடுக்க முடியாது. பொது சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பின்வளவைத் திறக்க முன்னமே உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கையை வைத்திருங்கள், பிறகு கொடுத்தால் "முன்னமே அப்படித்தான்" என்பார்கள்.

மேசைக்காரன்:
நான் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன், அதனால் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். கடைக்குள் இடமில்லாவிட்டால் வாங்கிக்கொண்டு போய் மதகடியிலும் வயல் கரையிலும் இருந்து குடித்துப் போத்தலை உடைத்துவிட்டுப் போகிறார்கள், அதைவிட வளவுக்குள் ஒரு கண்காணிப்பில் இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். முதலில் முதலாளியிடம் நாலு வீட்டுக்காரர் சேர்ந்து போங்கள். வெளியில் ஸ்பீக்கர் இல்லை, ஒன்பது மணியுடன் பின்வளவு பூட்டு, மோட்டார் சைக்கிள் மெயின் றோட்டுப் பக்கம், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முதல் போட்டவன் வழக்கை விரும்பமாட்டான்.

ஒழுங்கைவாசி:
எல்லாருக்கும் நன்றி. குழியை நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு நூல் பிடித்து அளந்தேன், அவர்களின் குழி மூடியிலிருந்து எங்கள் கிணற்றுக் கட்டுக்கு இருபத்திரண்டு அடி. மேசைக்காரன் தம்பி, கண்காணிப்பு என்றீர்கள், அது உள்ளே இருக்கிறவர்களுக்கு, மதிலுக்கு இந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு யார் பொறுப்பு? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து முதலாளியைப் பார்க்கப் போகிறோம். தண்ணீரை நாளைக்கே கொடுக்கிறேன்.