சனாவிலும் ஏடனிலும் நாங்கள் கண்டவை: ஏமன் அனுபவப் பகிர்வு

சனாவில் செவிலியராக இருந்தவர், கன்னியாகுமரி மாவட்டம்:

2010 முதல் 2015 ஏப்ரல் வரை ஏமன் தலைநகர் சனாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றினேன். ஏமன் என்று பேச்செடுத்தாலே, "அங்கே மதவெறியில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள்" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த மக்கள் சமைத்ததை உண்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு வாழ்ந்த எனக்கு இது பொறுக்கவில்லை.

எங்கள் வாயிற்காவலர் வடக்கே சாதாவைச் சேர்ந்த ஜைதி, அதாவது ஷியாக்களில் ஒரு பிரிவினர். மருந்தகத்தில் இருந்தவர் தைஸ் நகரத்துச் சுன்னி. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் நிரம்பித் தொழுகை வரிசை தெருவரை நீண்டுவிடும். மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால், காவலர் கைகளைத் தொங்கவிட்டும் மருந்தாளர் நெஞ்சில் கட்டியும் தோளோடு தோள் ஒட்டி நிற்பது தெரியும். ஒருவர் ஷியா, மற்றவர் சுன்னி என்பதைக் காவலரே எனக்குச் சொன்ன பிறகுதான் அந்தக் கைகளின் வேறுபாடே என் கண்ணில் பட்டது.

அந்த வரிசையைக் கலைத்ததில் பெரும்பங்கு அலி அப்துல்லா சாலிஹுக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். 1978இல் வட ஏமனின் ஆட்சிக்கு வந்தவர், ஏமனை ஆள்வது பாம்புகளின் தலைமேல் ஆடுவது போன்றது என்று சொல்லிக்கொண்டவர். பிறப்பால் அவரும் ஜைதிதான். ஆனால் சவூதிப் பணத்தின் துணையோடு சலஃபி எனப்படும் கடும் பழைமைவாதச் சுன்னிப் பிரசாரம் ஜைதிகளின் மண்ணான சாதாவிலேயே வேரூன்றியபோது அதை அவர் தடுக்கவில்லை. அதற்கு எதிர்வினையாக எழுந்த ஜைதி இளைஞர் இயக்கத்துக்கும் தொடக்கத்தில் ஆதரவு தந்தார். ஹூதிகளாக உருவெடுத்தவர்கள் அவர்களே. ஒன்றை வைத்து மற்றொன்றை அடக்கலாம் என்ற அவருடைய கணக்கு, 2004க்கும் 2010க்கும் இடையே சாதாவில் ஆறு போர்களாக வெடித்தது. எங்கள் காவலரின் தம்பி அதில் ஒரு போரில்தான் இறந்தான். அல்காய்தாவை ஒடுக்குவதற்கென்று அமெரிக்கா கொடுத்த பயிற்சியும் தளவாடமும் சாலிஹின் மகனும் சகோதரர் மகனும் தலைமையேற்ற படைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே சனாவின் சிறையிலிருந்து 2006இல் அல்காய்தாவினர் 23 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அல்காய்தா இருக்கும்வரைதானே உதவியும் வரும் என்று எங்கள் மருத்துவர் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது நினைவிருக்கிறது.

2012 மே 21 அன்று சபயீன் சதுக்கத்தில் அணிவகுப்பு ஒத்திகையின் நடுவே, இராணுவச் சீருடை அணிந்த ஒருவன் வெடித்துச் சிதறினான். 90க்கும் மேற்பட்ட வீரர்கள் மடிந்தார்கள். என் பொறுப்பிலிருந்த படுக்கைக்கு வந்த பையனுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. மறுநாள் அணிவகுப்புக்காகப் பளபளவென்று மெருகேற்றியிருந்த காலணிகளைக் கத்தரித்துத்தான் கழற்ற முடிந்தது. வலி தாங்காமல் அழுதவன், கத்தரிப்பதைக் கண்டதும், "காலணிக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களே, அக்கா" என்றான்.

2014 செப்டம்பர் 21 அன்று ஹூதிகள் சனாவைக் கைப்பற்றினார்கள். ஆறு முறை அவர்களோடு போரிட்ட சாலிஹ், 2012இல் பறிபோன ஆட்சிக்குத் திரும்பும் ஆசையில் இப்போது அவர்கள் பக்கம் நின்றதால், அவருக்கு விசுவாசமான படைகள் வழிமறிக்கவில்லை. மருத்துவமனைச் சுவரில் பச்சையும் சிவப்புமாக அவர்களுடைய முழக்கம் ஒட்டப்பட்டது. 2015 மார்ச் முதல் தேதி ஈரான் தலைநகர் தெஹ்ரானிலிருந்து நேரடி விமானம் வந்தது; 20ஆம் தேதி இரண்டு பள்ளிவாசல்களில் ஐஎஸ் குண்டு வைத்து 130க்கும் மேற்பட்டோரைக் கொன்றது; 26ஆம் தேதி அதிகாலையில் ஹூதிகளுக்கு எதிரான சவூதிக் கூட்டணியின் குண்டுகள் விழத் தொடங்கின. ஒரே மாதத்தில் இவை அத்தனையும். என் கடவுச்சீட்டு நிர்வாகத்திடம் இருந்தது, மூன்று மாதச் சம்பளமும் பாக்கி. சம்பளத்தை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஏர் இந்தியா விமானத்தில் ஜிபூத்திக்கும் அங்கிருந்து விமானப் படையின் விமானத்தில் கொச்சிக்கும் வந்து சேர்ந்தேன்.

ஏடனில் மின்பணியாளராக இருந்தவர், இராமநாதபுரம்:

அக்கா சொன்னதோடு தெற்கின் கதையையும் சேர்க்க வேண்டும். 1990இல் இணைந்த இரு ஏமன்களும் 1994இல் மோதிக்கொண்டபோது, ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவர்களைத் தெற்கின் சோசலிஸ்டுகளுக்கு எதிராகக் களமிறக்கியவரும் இதே சாலிஹ்தான். எங்கள் பட்டறை மேலாளர் ஏடன்காரர், பழைய தெற்கு இராணுவத்தில் பொறியாளராக இருந்து, அந்தத் தோல்விக்குப் பின் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். போதை தரும் காத் இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, "எங்கள் ஊருக்குத் தாடியை வடக்கிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள்" என்பார். 2015இல் ஹூதிகளும் சாலிஹின் படையும் நகருக்குள் நுழைந்தபோது, அவருடைய மகன் துப்பாக்கியோடு தெருவில் நின்றான். மதத்துக்காக அவன் நிற்கவில்லை. 1994ஐ மறக்காத தந்தைக்குப் பிறந்ததால் நின்றான். பின்னர் அமீரகத்தின் பயிற்சியும் சம்பளமும் பெற்று, தெற்கைத் தனிநாடாக்குவோம் என்ற படையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

2015 மார்ச் 31 இரவு சுமார் 350 பேரோடு ஐஎன்எஸ் சுமித்ரா கப்பலில் ஏறினேன். மேல்தளத்தில் கடற்படையினர் கொடுத்த சூடான சோற்றைக் கையில் வாங்கியபடி திரும்பிப் பார்த்தேன். நகரில் விளக்குகளே இல்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து நான் கம்பி இழுத்த தெருக்கள் அவை.

ஜித்தாவில் பணிபுரிபவர், காயல்பட்டினம்:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவன். என்னோடு வேலை செய்த ஏமனியரின் தந்தை, 1990இல் குவைத் நெருக்கடியில் சாலிஹ் ஈராக்கின் பக்கம் சாய்ந்ததால் சவூதியிலிருந்து வெளியேற நேர்ந்த இலட்சக்கணக்கான ஏமனியரில் ஒருவர். ஆள்பவரின் முடிவுக்குப் பெட்டி கட்டியது கூலித் தொழிலாளி. 2016 அக்டோபரில் சனாவில் துக்க வீட்டுக் கூடத்தின்மீது சவூதிக் கூட்டணி விமானத்தின் குண்டு விழுந்து 140 பேர் அளவில் இறந்த செய்தி வந்த அன்று, அந்தச் சக ஊழியர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அமர்ந்திருந்தார். ஒரு முஸ்லிமாக நான் சொல்ல விரும்புவது இதுதான்: மேலே பறந்த விமானத்தின் பெயரிலும் கீழே ஒட்டப்பட்ட முழக்கத்திலும் எங்கள் மார்க்கத்தை இழுத்துப் பேசுவோர், அந்தக் கூடத்தில் துக்கம் விசாரிக்கக் கூடியவர்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சனாவில் செவிலியராக இருந்தவர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. 2017 டிசம்பரில் சாலிஹ் ஹூதிகளை விட்டு விலகிச் சவூதியின் பக்கம் திரும்ப முயன்று, இரண்டே நாளில், 4ஆம் தேதி, அவர்களாலேயே கொல்லப்பட்டார். அந்த வாரம் காவலருக்கு வாட்ஸாப்பில் பேசினேன். சாலிஹைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலரா நோயாளிகளுக்குக் கட்டில் போதாமல் தரையில் கிடத்தியிருப்பதாகச் சொன்னார். மருந்தாளர் குடும்பத்தோடு தைஸுக்குப் போனவர் திரும்பவில்லை. "இப்போது எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். கையை எப்படி வைக்கிறோம் என்று பக்கத்தில் நிற்பவன் பார்க்கிறான், ஆகவே வீட்டிலேயே தொழுதுகொள்கிறேன் என்றார்.